காத்திருக்கும் வீடும் கடிகாரக் கதைகளும்

பங்கு ஆலயத்தில் ஞாயிறு திருப்பலியின்போது வாசிக்கப்படும் மன்றாட்டுகளைத் தொகுத்து எழுதும் பணி சில ஆண்டுகள் நம் பொறுப்பில் இருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் மக்கள் தம் கருத்துகளைச் சிறு தாளில் எழுதித் தருவார்கள். தேர்வு, வேலை, திருமணம், மகப்பேறு, நோய் நீக்கம் என்று அவை பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் சுழல்வன. அவற்றுள் ஒரு தாள் மட்டும் ஏறத்தாழ எட்டு மாதங்கள் வாரந்தவறாமல் வந்துகொண்டிருந்தது. தம் மகனுக்கு மாற்றுச் சிறுநீரகம் விரைவில் கிடைக்க வேண்டும் என்பதே அதிலிருந்த ஒற்றை வரி. தையல் வேலை செய்து குடும்பம் நடத்தும் ஒரு தாயின் கையெழுத்து அது.

ஒரு சனிக்கிழமை அவரே நேரில் வந்து, இனி அதை வாசிக்க வேண்டாம் என்றார். சிறுநீரகம் கிடைத்துவிட்டது போலும் என்று எண்ணி மகிழ்ச்சியோடு விசாரித்தோம். இல்லை என்று தலையசைத்தார். "நேத்து ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன் சார். எம்புள்ளைக்குக் கிடைக்கணும்னா இன்னொருத்தி புள்ள ரோட்டுல விழணும். அதையா இத்தன நாளா ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் அந்த மன்றாட்டை நீக்கிவிட்டோம். ஆனால் அவருடைய கேள்வி நீங்கவில்லை. கதைகளிலும் திரைப்படங்களிலும் வாழ்க்கைக்கு வெளிச்சம் தேடும் பழக்கம் உள்ளவர்கள் நாம். ஆகவே, உறுப்பு மாற்றைப் பொருளாகக் கொண்ட படைப்புகள் இந்தத் தாயின் இரவை எங்கேனும் கண்டிருக்கின்றனவா என்று பார்க்கத் தொடங்கினோம். பார்த்தவரையில், ஒரேயொரு படைப்பைத் தவிர மற்றவை அந்த இரவின் வாசல்வரை வந்து திரும்பிவிடுகின்றன என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கான காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காத்திருக்கும் வீடு எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். எஞ்சிய நாள்களில் குடிக்கும் நீர் டம்ளரில் அளக்கப்படுகிறது. கோடை வந்தால் நோயாளி பனிக்கட்டித் துண்டொன்றை வாயில் அடக்கிக்கொண்டு தாகத்தை ஏமாற்றுகிறார். வீட்டில் காய்கறி நறுக்கப்பட்டு, ஊறவைக்கப்பட்டு, வேகவைத்த நீரும் கொட்டப்பட்ட பின்பே சமையலுக்குப் போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் அடுப்படியை விட்டு வெளியேறுகின்றன. நோயாளியைப் பார்க்க வரும் உறவினர் அன்போடு கொண்டுவரும் இளநீரும் வாழைப்பழமும் அவருக்கு ஆகாதவை என்பதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. தொலைபேசியை எவரும் எட்டாத இடத்தில் வைப்பதில்லை. வெளியூர்த் திருமணத்துக்கு வீட்டில் பாதிப்பேர் போகிறார்கள், பாதிப்பேர் தங்கிவிடுகிறார்கள். அலமாரிக்கு அருகே ஒரு பை, துண்டும் மருத்துவக் கோப்புகளும் வைத்து மூடப்பட்டு, மாதக்கணக்கில் நிற்கிறது. கோபம் யார்மீது என்று தெரியாமல் எல்லார்மீதும் பாய்கிறது. சிறுபிள்ளைகள் குரல் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த வாழ்க்கையில் கடிகாரம் இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். எந்த நாள், எந்த மணி என்று எவராலும் சொல்ல இயலாது. நாளை இருக்கலாம், நான்கு ஆண்டுகள் ஆகலாம், வராமலே போகலாம். நம் கதைகள் தடுமாறும் இடம் இதுதான்.

'சென்னையில் ஒரு நாள்' திரைப்படம் 2013-இல் வெளிவந்தது. 2011-இல் மலையாளத்தில் வந்த 'டிராஃபிக்' படத்தின் தமிழ் வடிவம் அது. இவற்றுக்கெல்லாம் ஊற்றுக்கண்ணாக இருந்தது 2008 செப்டம்பரில் சென்னையில் நடந்த நிகழ்ச்சி. சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் தானமாகத் தந்தனர். காவல்துறை வழியை ஒழுங்குபடுத்த, அச்சிறுவனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சில நிமிடங்களில் கொண்டுசெல்லப்பட்டு, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. தமிழகம் அன்று ஒரு பெற்றோரின் பெருமனத்தைக் கண்டு தலைவணங்கியது. அவ்வாண்டிலேயே இறந்தோரின் உறுப்புகளைப் பெற்றுப் பகிரும் அரசுத் திட்டம் உருப்பெற்றது; பின்னர் 2014-இல் அதற்கெனத் தனி ஆணையமும் அமைந்தது. உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்ற அறிவிப்பும் 2023-இல் வந்தது. ஒரு குடும்பத்தின் முடிவு ஒரு மாநிலத்தின் வழக்கத்தையே மாற்றியது எனலாம்.

திரைப்படம் இந்நிகழ்ச்சியைச் சென்னையிலிருந்து வேலூர்வரை நீளும் ஓட்டமாக மாற்றிக்கொள்கிறது. சேரன் ஏற்றுள்ள காவலர் பாத்திரம், கையூட்டு வாங்கிப் பெயர் கெட்டவர் ஒருவர் வண்டியோட்டித் தம் மானத்தை மீட்டுக்கொள்ளும் கதை. அது நன்றாகவே அமைந்திருக்கிறது. மகனின் மூச்சு இயந்திரத்தால் மட்டுமே நிகழ்கிறது என்று அறிந்தபின், கையெழுத்திட மறுத்து, பின் இசையும் பெற்றோராக ஜெயப்பிரகாசும் லட்சுமி ராமகிருஷ்ணனும் வரும் பகுதி படத்தின் உயிர்நாடி. அங்கே இயக்குநர் அவசரப்படவில்லை. தந்தையின் தயக்கத்தைக் கோழைத்தனமாகக் காட்டாத நேர்மை பாராட்டுக்குரியது.

ஆனால் சாலையின் மறுமுனையில் இருப்பது யார்? புகழ்மிக்க திரைப்பட நடிகர் ஒருவரின் மகள். நடிகராகப் பிரகாஷ்ராஜும் அவர் மனைவியாக ராதிகாவும் வருகின்றனர். இங்கே படம் காத்திருப்பைக் காட்டுவதில்லை. தன் புகழிலேயே மூழ்கி மகளை மறந்திருந்த ஒரு தந்தைக்குப் பாடம் புகட்டுகிறது. குழந்தையின் நோய் தந்தையின் திருத்தத்துக்கான கருவியாகிவிடுகிறது. அவர் நட்சத்திரம் என்பதனாலேயே வண்டி தடுமாறும் வேளையில் அவருடைய புகழும் ரசிகர் கூட்டமும் துணைக்கு வருகின்றன. நாம் மனத்தில் வைத்திருக்கும் தையற்காரத் தாய் இந்தப் படத்தைப் பார்த்தால், தமக்கும் அந்த நடிகருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்றே வியப்பார். அவருக்கு ரசிகர்கள் இல்லை. மகனை அவர் மறந்ததும் இல்லை. அவருடைய மகனின் சிறுநீரகங்கள் யாருக்கும் பாடம் புகட்டுவதற்காகக் கெட்டுப்போகவில்லை.

நோயைத் தண்டனையாகவோ பாடமாகவோ காணும் பழைய பார்வையை யோவான் நற்செய்தியில் பிறவிப் பார்வையற்றவர் வரும் பகுதி எப்போதோ மறுத்துவிட்டது. நம் திரைக்கதைகள் இன்னும் அதை விடவில்லை.

கடிகாரம் பற்றிய குறை இதனினும் ஆழமானது. இப்படத்தில் வரும் பரபரப்பு, நேரம் குறிக்கப்பட்ட பரபரப்பு. இதயம் உடலுக்கு வெளியே ஏறத்தாழ நான்கு மணி நேரமே தாங்கும் என்ற மருத்துவ உண்மையிலிருந்து அது பிறக்கிறது. அந்த மணி நேரங்கள் உண்மையானவை. ஓட்டுநரின் வியர்வையும் உண்மையானது. ஆயினும் பெறுகின்ற குடும்பத்தைப் பொறுத்தவரை அது கதையின் கடைசி அத்தியாயம் மட்டுமே. அதற்கு முந்தைய நூறு அத்தியாயங்களில் ஒன்றுமே நிகழ்வதில்லை. ஒன்றும் நிகழாததைத் திரையில் காட்டத் துணிவு வேண்டும். நமது வணிகத் திரையுலகில் அத்துணிவை எதிர்பார்ப்பது சற்று மிகைதான். ஆனாலும் இரண்டு மணி நேரப் படத்தில் ஐந்து நிமிடம் கேட்பது பேராசை ஆகாது அல்லவா?

ஓட்டக் கதை ஒருபுறமிருக்க, தமிழ்த் திரை அறிந்த மற்றொரு வகை திருட்டுக் கதை. 2015-ஆம் ஆண்டு ஒன்றிலேயே 'என்னை அறிந்தால்', 'காக்கி சட்டை' என்னும் இரு பெரும் படங்கள் உறுப்புத் திருட்டை மையமாக வைத்து வெளிவந்தன. இவ்வகைக் கதைகளில் உறுப்பு தேவைப்படுபவர் பணத்தால் பிறர் உடலை விலைபேசுபவர். அல்லது அத்தகையோருக்காக இயங்கும் கூட்டத்தின் வாடிக்கையாளர். இது முழுக்கக் கற்பனை என்று நாம் சொல்லமாட்டோம். வறியவர்களின் சிறுநீரகங்கள் நம் மாநிலத்திலேயே விலைபேசப்பட்ட வெட்கக்கேடு நடந்தது. அதனைத் தடுக்கவே 1994-இல் மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் திருடர் கதையை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒருவர் மனத்தில், காத்திருப்பவர் என்றாலே பிறர் உடல்மீது கண்வைத்திருப்பவர் என்ற ஐயம் படிந்துவிடுகிறது. அந்த ஐயம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கையெழுத்துக் கேட்கப்படும் வேளையில் வேலை செய்யாது என்று யார் உறுதி கூற முடியும்? அந்தத் தாய் தம்மைப் பற்றியே கொண்ட அச்சமும், கேட்பதே திருட்டோ என்ற அச்சமும், இதே விதையிலிருந்து முளைத்ததாக இருக்கலாம்.

அமெரிக்கப் படமான 'ஜான் கியூ' (2002) குறித்தும் சில சொற்கள் கூற வேண்டும். டென்செல் வாஷிங்டன் ஏற்றுள்ள தொழிலாளி ஜானின் மகன் மைக்கேல், பேஸ்பால் ஆடிக்கொண்டிருக்கையில் சுருண்டு விழுகிறான். மாற்று இதயம் ஒன்றே வழி. தந்தையின் வேலைநேரம் குறைக்கப்பட்டதால் காப்பீடு சுருங்கிவிட்டது. 75,000 டாலர் முன்பணம் கட்டினால்தான் பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறும் என்கிறது மருத்துவமனை. வீட்டுப் பொருள்கள் விற்கப்படுகின்றன, நண்பர்களும் ஆலயத்தாரும் கைகொடுக்கின்றனர், போதவில்லை. ஜான் துப்பாக்கியோடு அவசர சிகிச்சைப் பிரிவைக் கைப்பற்றுகிறான். அவனுடைய கோரிக்கை இதயம் அன்று. பட்டியலில் மகனின் பெயர்.

காத்திருப்பதற்கே ஒரு விலை உண்டு என்ற உண்மையை இத்துணைத் தெளிவாகச் சொன்ன வேறொரு வெகுமக்கள் படத்தை நாம் அறியோம். அது இதன் சிறப்பு. பின்பாதியில் துப்பாக்கியும் தொலைக்காட்சி வண்டிகளும் கூடி ஆரவாரம் மிகுந்துவிடுகிறது. இருப்பினும் ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. படத்தின் முதல் காட்சியில் பெயரறியாப் பெண்ணொருத்தி காரோட்டிச் சென்று விபத்தில் இறக்கிறாள். நெடுநேரம் கழித்தே அக்காட்சியின் பொருள் நமக்கு விளங்குகிறது. விளங்கியதும், மைக்கேலின் உயிருக்காக ஏங்கிக்கொண்டிருந்த நாமே அவளுடைய சாவுக்காகக் காத்திருந்தோம் என்பது உறைக்கிறது. தையற்காரத் தாயின் இரவுக்கு மிக அருகில் வந்த தருணம் அது. ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. அவளுக்கு ஒரு வீடோ, அழுவதற்கு ஓர் ஆளோ தரவில்லை. ஜானும் அவளைப் பற்றி ஒரு வினாடி எண்ணுவதாகக் காட்டவில்லை. தன் இதயத்தையே மகனுக்குத் தந்து சாகத் துணிந்த தந்தை, இன்னொருவரின் இதயம் கிட்டியதும் வெறுமனே மகிழ்கிறான்.

கதைகள் தயங்கிய இடத்தில் வரலாறு தயங்கவில்லை. 1967 டிசம்பர் 2, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்னும் மளிகை வணிகர் இதயம் செயலிழந்து மருத்துவமனையில் கிடக்கிறார். அவருக்கு மாற்று இதயம் பொருத்த அறுவை மருத்துவர் கிறிஸ்டியன் பர்னார்டு ஆயத்தமாக இருக்கிறார். உலகில் எவரும் அதுவரை பெற்றிராத சிகிச்சைக்காக ஒரு குடும்பம் காத்திருக்கிறது. அன்று பிற்பகல் மருத்துவமனைக்குச் சிறிது தொலைவில் 25 வயது டெனிஸ் டார்வாலும் அவருடைய தாயும் சாலையைக் கடக்கையில் கார் மோதி வீழ்ந்தனர். தாய் அங்கேயே இறந்தார். வாஷ்கான்ஸ்கியின் மனைவி ஆன், அன்று அவ்வழியே காரில் சென்றவர், கூடியிருந்த கூட்டத்தைக் கண்டார். என்ன, யார் என்று அவருக்குத் தெரியாது. அன்றிரவு, மனைவியை இழந்து மகளையும் இழந்துகொண்டிருந்த எட்வர்ட் டார்வால் சில நிமிடங்கள் யோசித்து இசைவு தந்தார். டிசம்பர் 3 அதிகாலையில் அந்த இதயம் வாஷ்கான்ஸ்கியின் மார்பில் துடித்தது. பதினெட்டு நாள்கள் அவர் வாழ்ந்தார்.

அந்தச் சாலையோரக் கூட்டத்தைக் கடந்த காரை எந்த நாவலாசிரியராவது புனைந்திருந்தால், செயற்கை என்று நாமே கடிந்திருப்போம். நடந்த நிகழ்ச்சி என்பதால் வாய்மூட வேண்டியிருக்கிறது. ஆன் வாஷ்கான்ஸ்கி அந்த விபத்துக்காக வேண்டவில்லை. விரும்பவில்லை. அறியவும் இல்லை. டெனிஸ் விழுந்ததற்கும் லூயிஸ் காத்திருந்ததற்கும் காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. அவள் விழுந்தபின்புதான், அவளுடைய தந்தையின் சொல் வழியாக, அந்த இரண்டு வீடுகளும் இணைந்தன. நாம் அன்று சனிக்கிழமை மாலை அந்தத் தாயிடம் சொல்லியிருக்க வேண்டியது இது. சொல்லியிருந்தாலும் அவருடைய உறுத்தல் முழுமையாக நீங்கியிருக்கும் என்று தோன்றவில்லை. நீங்கியிருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இன்னொரு தாயின் பிள்ளையை நினைத்து உறக்கம் இழக்கும் மனத்தைத் தர்க்கத்தால் உறங்கவைப்பது நல்ல செயலா என்பது ஐயத்துக்குரியது.

நாம் தேடியதற்கு மிக அருகில் வந்த படைப்பு, மெலிஸ் தெ கெராங்கால் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 2014-இல் வெளியிட்ட நாவல். உயிரோடிருப்போரைச் செப்பனிடுதல் என்று அதன் தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். 2016-இல் திரைப்படமாகவும் வந்தது. சிமோன் என்னும் இளைஞன் விடியற்காலையில் நண்பர்களோடு கடலலைமேல் சறுக்கி விளையாடிவிட்டுத் திரும்புகையில் வண்டி மோதி மூளைச்சாவு அடைகிறான். அவன் இதயம் பாரிஸ் நகரில் கிளேர் என்னும் பெண்ணின் மார்புக்குள் போய்ச் சேரும்வரையிலான ஏறத்தாழ 24 மணி நேரமே கதைக்காலம்.

ஆக, இங்கும் கடிகாரம் உண்டு. ஆனால் ஆசிரியர் அதைத் துரத்தும் கருவியாகப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு மணிக்குள்ளும் நுழைந்து அமர்ந்துகொள்கிறார். நீண்டு நீண்டு செல்லும் வாக்கியங்கள் வாசகரைச் சில இடங்களில் களைப்படையச் செய்யும். மருத்துவர் ஒவ்வொருவரின் சொந்த வாழ்க்கையையும் சொல்லியே தீருவது என்ற பிடிவாதம் தேவைதானா என்றும் கேட்கத் தோன்றும். அக்குறைகளைப் பொறுத்துக்கொண்டு படிப்பவர்க்குக் கிடைப்பது மிகுதி. சிமோனின் பெற்றோரிடம் உறுப்புக் கொடை குறித்துப் பேசும் செவிலியர் தோமா, அவர்களை அவசரப்படுத்துவதில்லை. மறுத்தாலும் ஏற்கும் மனத்தோடு அமர்ந்திருக்கிறார். பெற்றோர் இசைகின்றனர், ஆனால் கண்களை மட்டும் தர மறுக்கின்றனர். அந்த மறுப்பை நாவல் கண்டிக்கவில்லை. அன்புக்குக் கணக்கு உண்டா என்ன?

கிளேர் வரும் பகுதியே நமக்கு முதன்மையானது. இதயத் தசை அழற்சியால் தேய்ந்துபோனவர், மூன்று ஆண் மக்களின் தாய், மொழிபெயர்ப்பாளர். அழைப்பு வந்தால் உடனே செல்ல வேண்டும் என்பதற்காகத் தம் வாழ்க்கையை மருத்துவமனைக்கு அருகே ஒரு சிறு குடியிருப்புக்குள் சுருக்கிக்கொண்டவர். ஓடவும் முடியாமல், உறங்கவும் முடியாமல், பிறர்மொழியைத் தம்மொழியில் பெயர்த்தபடி நாள்களைக் கடத்துகிறார். அழைப்பு வருகிறது. அப்போது அவர் உள்ளத்தில் எழுவது வெறும் மகிழ்ச்சி அன்று. யாரோ ஒருவர் இன்று இறந்திருக்கிறார். அவர் யாரென்று தமக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. நன்றி சொல்ல முகவரி இல்லை. பெற்றதைத் திருப்பித் தரவும் வழியில்லை. கொடை என்று எல்லாரும் அழைப்பது, வாங்குபவர்க்கு அடைக்க முடியாத கடனாகவும் இருக்கிறது என்ற உண்மையை நாவல் ஒளிக்காமல் சொல்கிறது. கிளேரை ஆசிரியர் தேற்ற முற்படவில்லை. குற்றவாளி ஆக்கவும் இல்லை.

தருபவரைப் பற்றிப் பேசுவதற்கு நம்மிடம் சொற்கள் நிறைய உள்ளன. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் வெளியிட்ட வாழ்வின் நற்செய்தி பற்றிய சுற்றுமடலில், அன்றாட வாழ்வின் வீரச் செயல்களுக்கு எடுத்துக்காட்டாக உறுப்புக் கொடையைச் சுட்டினார். 2000 ஆகஸ்டு 29 அன்று உரோமையில் உறுப்பு மாற்று வல்லுநர்களிடம் பேசுகையில், யாருக்குத் தருவது என்பதில் இனம், செல்வம் போன்ற எந்தப் பாகுபாடும் கூடாது, மருத்துவக் காரணங்களே அளவுகோல் என்றும் வலியுறுத்தினார். பெறுபவரைப் பற்றி அத்தகைய நீதிச் சொற்கள் உண்டு. அவர் வீட்டில் நிகழும் இரவுகளுக்கான சொற்கள் குறைவு. மறையுரைகளில் நாம் கேட்டவை யாவும் கொடுத்தலின் பெருமை பற்றியவை. வாங்குதலின் வேதனை பற்றி ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு காட்சியை எந்தப் படைப்பும் தொடவில்லை என்பது நமக்கு வியப்பு. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் கிடைக்கும்போது, பொருத்தம் பார்ப்பதற்காகப் பட்டியலிலிருந்து ஒருவருக்கு மேற்பட்டோரை மருத்துவமனைகள் அழைப்பதுண்டு. நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கிறது. மூடிவைத்த பை கைக்கு வருகிறது. அண்டை வீட்டாரை எழுப்பிப் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஓடுகிறார்கள். உணவின்றிக் காத்திருந்து, குருதிச் சோதனை முடிந்து, விடியும் வேளையில் பொருத்தம் வேறொருவருக்கு என்று தெரியவருகிறது. அந்தத் தாயும் மகனும் ஒருமுறை இப்படிச் சென்று திரும்பியவர்கள். நகரப் பேருந்தில் ஊர் திரும்பும் வழியெல்லாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம். வீட்டுக்கு வந்ததும் மகன் முதலில் கேட்டது, அன்று டயாலிசிஸ் நாளா என்பதைத்தானாம்.

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் கிடந்த மனிதரை நாம் அறிவோம். நீர் கலங்கும்போதெல்லாம் தமக்கு முன்னே வேறொருவர் இறங்கிவிடுவதாக அவர் சொன்னதை முறையீடாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்த நள்ளிரவுப் பயணத்தைக் கேட்டபின், அதில் முறையீட்டினும் களைப்பே மிகுதியோ என்று தோன்றுகிறது. முன்னே இறங்கியவர்மீது அவருக்குப் பகையில்லை. இறங்கியவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும்.

நிற்க. குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் உறுப்புத் தரும் வழியும் உண்டு. சிறுநீரகத்தையும் கல்லீரலின் ஒரு பகுதியையும் உயிருடன் இருப்பவரே தர இயலும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை ஆகியோருக்குச் சட்டம் இடம் தருகிறது. 2011-இன் திருத்தம் தாத்தா பாட்டியரையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தது. நம் நாட்டில் இவ்வாறு தருவோருள் பெரும்பான்மையினர் பெண்கள். பெறுவோருள் பெரும்பான்மையினர் ஆண்கள். ஒரு வீட்டின் கூடத்தில் யார் தருவது என்ற பேச்சு எழும்போது, எல்லாருடைய கண்களும் யார்மீது சென்று நிற்கின்றன, அவள் வாய் திறக்குமுன் எத்தனை நொடி அமைதி நிலவுகிறது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மெய்யாகவே இடம் இருந்ததா என்பதைவிடக் கூர்மையான சிறுகதைக் கரு நம் எழுத்தாளர்களுக்கு வேறெங்கே கிடைக்கும்? இதற்குச் சென்னை முதல் வேலூர்வரை வண்டி ஓட வேண்டியதில்லை. ஒரு கூடமும் நான்கு நாற்காலிகளும் போதும். நாம் அறிந்தவரை இக்கரு தமிழில் இன்னும் உரியவாறு எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்து நம் கண்ணில் படவில்லை எனில், அன்பர்கள் தெரிவித்தால் மகிழ்வோம்.

அந்தத் தாய்க்கும் அவ்வழி அடைபட்டிருந்தது. அவருக்குச் சர்க்கரை நோய். மருத்துவர்கள் அவருடைய சிறுநீரகத்தை ஏற்கவில்லை. கணவர் இல்லை. ஆகவேதான் பட்டியல்.

மன்றாட்டை நிறுத்தச் சொன்ன பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் அவரிடமிருந்து தாள் வரவில்லை. பின்னர் ஒரு சனிக்கிழமை மாலை மற்றத் தாள்களோடு அவருடையதும் இருந்தது. அதில் இரண்டு வரிகள். முதல் வரியில் மகனின் பெயர். இரண்டாவது வரியில், "பேர் தெரியாத அந்த வீட்டுக்காரர்களுக்காகவும்" என்று எழுதியிருந்தார். எந்த வீட்டுக்காரர்கள், என்ன வேண்டுதல் என்று குறிப்பிடவில்லை. வாசிப்பவர் நம்மிடம் வந்து, இதை எப்படி முடிப்பது என்று கேட்டார். எழுதியிருப்பதை மட்டும் வாசிக்கச் சொன்னோம்.